குடோன் அத்தான்

என் அக்காவின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் வயதுக்காரர்களுக்கு அவர் குடோன். சின்னவர்களுக்குக் குடோன் அண்ணன். எனக்கு அத்தான். மனசுக்குள் நானும் குடோன் என்றுதான் சொல்லிக்கொள்வேன், அதுவும் கொஞ்சம் எரிச்சலாக.

வீடு மாற்றித் தருவது அவருடைய தொழில். சொந்தமாக ஒரு சின்ன லாரி, கூடமாட இரண்டு ஆட்கள், நிறையக் கயிறு. ஒரு வீட்டைக் காலி செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் பீரோ, கட்டில் சட்டம் என்று கனமானவை ஏறும். கண்ணாடிச் சாமான்களைப் போர்வையில் சுற்றிப் பெரிய பாத்திரங்களுக்குள் இறக்குவார். நிலைக்கண்ணாடி கடைசியில்தான், இரண்டு மெத்தைகளுக்கு நடுவில். அவர் போடும் முடிச்சு எத்தனை குண்டு குழிகளில் ஏறி இறங்கினாலும் அவிழாது. போய்ச் சேர்ந்ததும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும்.

இதெல்லாம் மற்ற லாரிக்காரர்களும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். அவருக்கென்று இருந்தது ஒரு கேள்வி.

எந்த வீட்டைக் காலி செய்தாலும் கடைசியில் ஒரு சாமான் வாசலில் நிற்கும். புது வீட்டில் அதற்கு இடமிருக்காது. தூக்கிப் போடவும் மனசு வராது. வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அத்தான் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்பார்: "வேணுமா, வேண்டாமா?"

உடனே வேணும் என்றால் வண்டியில் ஏறிவிடும். உடனே வேண்டாம் என்றால் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். பதில் வரத் தாமதமானால், "சரி, இப்போதைக்கு நம்ம வீட்டுல இருக்கட்டும்" என்று ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். இரண்டாவது தடவை கேட்கமாட்டார். அப்புறம் என்றைக்காவது ஞாபகப்படுத்துவாரா என்றால், அதுவும் மாட்டார். மனசு தயாரானால் அவர்களே வருவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் அவர் வீடு நிரம்பியது, பெயரும் வந்தது.

அவர் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டதும் இப்படித்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. நாங்கள் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது சாமான் ஏற்ற வந்தவர் அவர். அதன்பிறகு கயிற்றை மறந்துவிட்டேன், தார்பாயை மறந்துவிட்டேன் என்று பல தடவை வந்தார். ஒருநாள் அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டாராம், அதே இரண்டு வார்த்தையில். வேறு மாதிரிப் பேச அவருக்கு வராது. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் வேணும் என்றாளாம். ஒரு பெண் இப்படியா பட்டென்று சொல்வது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதை நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நான் அவருக்கு நேர் எதிர். ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அளந்தாயா, கத்தரி வைத்தாயா, அடுத்த ஆளைப் பார்த்தாயா என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் கடை நடக்காது. அதனால் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கீழே அவர் சாமான் அடைத்து வைத்திருந்த அறையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது நல்ல அறை. கூடத்தை ஒட்டி, இரண்டு ஜன்னல்களோடு, வெளிச்சமாக இருந்திருக்க வேண்டியது. ஜன்னல்கள் சாமான்களுக்குப் பின்னால் எங்கோ இருந்தன. கதவைத் திறந்ததும் நிற்பது ஒரு சலூன் நாற்காலி, தலை சாய்க்கிற கட்டையோடு. அதன்மேல் மைக்செட்காரரின் குழாய் ஸ்பீக்கர். அதற்குப் பின்னால் பேங்க் கேஷியர் விட்டுப்போன மீன் தொட்டி, தண்ணீரும் இல்லாமல் மீனும் இல்லாமல். அதற்கும் பின்னால் மூன்று சக்கரச் சைக்கிள், கரும்பலகை, கால் மடங்காத மடக்கு நாற்காலிகள் என்று போய்க்கொண்டே இருக்கும். அக்கா அந்த அறைக்குள் தலையை நீட்டினாலே தூசியில் தும்மல் பிடித்துக்கொள்ளும். அதனால் அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை. கணவனும் மனைவியும் மாடியில் படுத்துக்கொண்டார்கள்.

அந்த மாடிப்படியில்தான் அக்கா விழுந்தாள். கையில் துவைத்த துணி, காலடியில் ஈரம். இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே உலோகம் வைத்தார்கள். பழைய நடை வந்துவிடும் என்றார் டாக்டர். ஆனால் படி ஏறக்கூடாது, தாழ்வாக உட்காரக்கூடாது, குனியக்கூடாது. இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அதை அத்தானிடம் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள கீழ் ரூம் காலியாகணும். அவர்கிட்ட நான் கேட்டா தலையைத் தலையை ஆட்டுவாரு. நீ பக்கத்துல நின்னு செய்ய வை."

"எல்லாத்தையும் தூக்கிடலாமா?"

"ஒரு துரும்பு இருக்கக்கூடாது."

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அத்தானின் முன்னால் போய் நின்றேன். ஒற்றைக் காலில் நிற்கப்போகிறார், சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதற்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று. அவரே போனை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே பேசு மாப்ள. எனக்குக் கேட்க வராது" என்றார்.

கேஷியரோடு முதலில் பேசினேன். மாற்றலாகிப் போய் எந்தக் காலமோ ஆகிவிட்டது. மீன் தொட்டி என்றதும் அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார். அவருடைய பெண் ஆசையாக வளர்த்த மீன் செத்துப்போனபோது தொட்டியைப் பார்த்தாலே அழுவாளாம். அதனால்தான் அன்றைக்கு வாசலில் அவருக்குப் பதில் வரவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கே இரண்டு பிள்ளைகள். இதையா இத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள், அப்போதே உடைத்துப் போட்டிருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். போன் சத்தமாக வைத்திருந்ததால் அத்தானுக்கும் கேட்டது. எழுந்துபோய்த் தொட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. அந்த அறையில் எல்லாமே தூசியாக இருக்கும் என்று நினைத்த எனக்கு, அவர் கைக்கு எட்டுகிற சாமான்களில் மட்டும் தூசி இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன்காரரும் மைக்செட்காரரும் நேரிலேயே வந்துவிட்டார்கள். அத்தானோடு சேர்த்து மூன்று பேரும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தே பெயிலானவர்கள். மைக்செட்காரருக்கு மெதுவாகப் பேச வராது. தொழில் அப்படி. சலூன்காரர் ஊரை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டவர். பேருந்தில் வந்து இறங்கினார். இடுப்பில் எப்போதும் போல கத்தரியும் சவரக்கத்தியும் வைக்கிற தோல் பை. இவர்கள் வந்ததும் வீட்டுக்குள் சத்தம் ஏறிவிட்டது. யார் யாருக்கு முடி கொட்டியது, யாருக்கு வயிறு போட்டது என்று ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே சாமான்களை வெளியே தூக்கினார்கள். அத்தான் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

சலூன் நாற்காலி தெருவுக்கு வந்ததும்தான் சிக்கல். சலூன்காரர் அதைத் தடவிப் பார்த்தார், மிதித்து உயர்த்தினார், சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் சுற்றியது.

"எண்ணெய் போட்டியாடா?"

"மாசா மாசம் போடுவேன். நீ திரும்பி வந்து கடை போட்டா துருப்பிடிச்ச நாற்காலியையா குடுக்கிறது?"

சலூன்காரர் சுற்றுகிற நாற்காலியைக் கையால் நிறுத்தினார். பிறகு மெதுவாக, தான் கடையை மூடியபோது திரும்பி வருகிற யோசனையே இல்லை என்றார். முடி வெட்ட வரும்போதெல்லாம் குடோன் இந்த நாற்காலியில் தேவைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பான், ஆசைப்படுகிறான் போல என்று நினைத்தாராம். வாசலில் கேள்வி வந்தபோது, நீயே வைத்துக்கொள் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வாயைத் திறக்காமல் நின்றாராம்.

"உனக்குன்னுதான்டா விட்டுட்டுப் போனேன். வீட்டுல போட்டு உட்காருவேன்னு பார்த்தேன்."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்தவன் சாமான் என்று அவர் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எனக்கு முதன்முதலாக அவர்மேல் பாவமாக இருந்தது. எவனோ போட்டுவிட்டுப் போனதைச் சுமக்கிற ஆள் என்று இத்தனை நாளும் அவரை நினைத்திருந்தேன். அவர்களுக்கு வேண்டாம், இவருக்கும் வேண்டாம். இரண்டு பக்கமும் அடுத்தவனுக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் அக்கா அதற்காக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள். பாவமும் கோபமும் ஒன்றாக வந்தால் மனுஷனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. நான் மூன்று சக்கரச் சைக்கிளை வண்டியில் கொஞ்சம் பலமாகவே எறிந்தேன்.

மைக்செட்காரர்தான் நிலைமையைச் சமாளித்தார். நாளைக்கு மனைவியைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்கு இந்தத் தலையோடா போகப்போகிறாய் என்று அத்தானைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். சலூன்காரர் இடுப்புப் பையைத் திறந்தார். தெரு நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அத்தானுக்கு முடிவெட்டலும் முகச்சவரமும் நடந்தன. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தபடி அவர் தேவைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நாற்காலி மைக்செட்காரர் கடை வாசலுக்கு என்று தீர்மானமாயிற்று. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மீன் தொட்டியையும் தன் பேரனுக்கென்று அவரே எடுத்துக்கொண்டார். தன்னுடைய குழாய் ஸ்பீக்கரை மட்டும் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு நானும் அத்தானும் பின்சுவர் வரை வந்துவிட்டோம். ஜன்னல்கள் வெளியே தெரிந்தன. அறையில் ஒன்றே ஒன்று பாக்கி. சுவரோடு ஒட்டி, தார்பாய் போர்த்தி, அவர் முடிச்சோடு நின்றது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே அந்த அறைக்குள் வந்த சாமான் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தேன். தார்பாய் சரிந்தது.

அது எங்கள் அம்மாவின் கம்பிவலை அலமாரி.

பாலும் சர்க்கரையும் மிச்சம் மீதியும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் அம்மா அதற்குள்தான் பூட்டி வைப்பாள். கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்கள் இருக்கும். பூனை தோற்றது, எறும்பு தோற்றது, அக்கா தோற்கவில்லை. கீழ் மூலையில் வலையை ஆணியிலிருந்து நெம்பி, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வழி செய்து வைத்திருந்தாள். சர்க்கரை டப்பா அந்த மூலையில்தான் இருக்கும். அவள் தின்பாள், என் வாயைச் சுற்றியும் கொஞ்சம் பூசிவிடுவாள், அடி எனக்கு விழும். இதை அவள் எத்தனையோ தடவை பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

அம்மா போன பிறகு அந்த வீட்டைக் காலி செய்தபோது அலமாரிதான் கடைசியில் வாசலில் நின்றது. அத்தான் வழக்கம்போல் கேட்டார். நான் உடனே வேண்டாம் என்றேன். எல்லோர் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. இதை வைத்து என்ன செய்வது. அக்காவும் வேண்டாம் என்றாள். அது பழைய சாமான் கடைக்குப் போனதாகத்தான் நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம்.

"இது அன்னைக்கே போயிடுச்சே அத்தான்?"

"போயிடுச்சுன்னு நான் சொல்லல மாப்ள. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க."

"அக்கா வேண்டாம்னு சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"சொன்னா," என்றார். "உடனே சொல்லல."

அன்றைக்கு அக்கா என்ன செய்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவிழாத கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். அப்புறம்தான் சொன்னாள். நான் நின்ற இடத்திலேயே நின்று அவர் அவளைப் பார்த்திருக்கிறார். எனக்கு அது ஓரக்கண்ணில்தான் பட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கைக்கடிகாரத்தை.

ஆனாலும் எனக்கு டாக்டர் சொன்னது காதில் இருந்தது. சட்டைப் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து அறையை அளந்தேன். கட்டிலும் அலமாரியும் சேர்ந்தால் வாக்கர் திரும்பாது. வாக்கர் திரும்பவில்லை என்றால் அவள் இடித்துக்கொள்வாள். இதை வைக்க முடியாது, இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று தெளிவாகச் சொன்னேன். அறையில் இருக்க முடியாது என்பதை அத்தான் ஒத்துக்கொண்டார். அனுப்புவதற்கு மட்டும் அவளைக் கேட்க வேண்டும் என்றார்.

"நீங்கதான் ரெண்டாவது தடவை கேட்கவே மாட்டீங்களே?"

"கேட்டிருக்கணும் போல இருக்கு," என்று சொல்லிவிட்டு அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவரும் அதைக் கூடத்துக்கு நகர்த்தினோம்.

கூடம் குறுகலானது. அதில் பாதியை ஒரு சோபா அடைத்துக்கொண்டிருந்தது. மெரூன் கலர், பஞ்சு நிறைந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராதது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது. எங்கள் பக்கத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போன உருப்படியான சாமான் அது ஒன்றுதான் என்று நான் அத்தானிடம் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் வாடகைக் காரில் அக்கா வந்து இறங்கினாள். வெட்டிய முடியும் மழித்த முகமுமாக அத்தான் புது ஆள் மாதிரி அவள் பின்னால் வந்தார். அறை பளிச்சென்று இருந்தது. கட்டில், புது விரிப்பு, இரண்டு ஜன்னலும் திறந்து. அவள் அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று நான் கதவை விரியத் திறந்து வைத்திருந்தேன்.

அவள் அறையைப் பார்க்கவில்லை. வாக்கரை ஊன்றிக்கொண்டு கூடத்தில் அலமாரியின் முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"அந்த மூலை இருக்கான்னு பாரு," என்றாள் என்னிடம். அவளால் குனிய முடியாது.

நான் மண்டியிட்டுக் கீழ் மூலையைத் தடவினேன். நெம்பிய வலை அப்படியே இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. இருக்கிறது என்று சொன்னேன். அவளைத் திரும்பிப் பார்க்காமல் கம்பிவலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் முன்னால் வந்தார். ஊராருடைய வீட்டு வாசலில் நிற்பதுபோலவே நின்று, அலமாரியின் மேல் ஒரு கையை வைத்தார்.

"வேணுமா..."

"வேணும்," என்றாள் அக்கா.

அப்புறம்தான் அழுதாள், அதுவும் கொஞ்சமாக, வாக்கரை விட்டுக் கையெடுக்காமல். அத்தான் துண்டை நீட்டினார். அது தூசித் துண்டு. அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மினால் இடுப்பு வலிக்கிறது என்று அவரைத் திட்டினாள். வீடு பழையபடி ஆயிற்று.

வைக்க இடம் எங்கே என்று நான் இன்ச் டேப்போடு எழுந்தேன். அக்கா அறையையும் கூடத்தையும் ஒரு தடவை பார்த்தாள்.

"தாழ்வா உட்காரவே கூடாதுங்கறாங்க. இனிமே இந்த சோபா யாருக்கு? இதைத் தூக்கிட்டு அந்த இடத்துல அலமாரியை வைங்க. மாத்திரை எல்லாம் அதுல வெச்சுக்கறேன்."

சரியான யோசனைதான். நானே அளந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அத்தான் அலமாரியிலிருந்து கையை எடுத்து சோபாவின் முதுகில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"மாப்ள. வேணுமா, வேண்டாமா?"

என் வீட்டில் இடமில்லை. துணி பல இடங்களில் நைந்துவிட்டது. அளந்து கிழிக்கிறவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. சொல்வதற்காக வாயைத் திறந்தேன். சோபா வந்த அன்றைக்கு அக்கா அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே விடாமல், வந்தவர்களையெல்லாம் அதன்மேலேயே சறுக்கச் சறுக்க உட்கார வைத்து, தம்பி வாங்கித் தந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தான் ரொம்ப நேரம் காத்திருக்கவில்லை.

"சரி," என்றார். "அந்தப் பக்கம் பிடி."

சோபா இப்போது மாடியில் இருக்கிறது. அவர் என்னை மறுபடி கேட்கவில்லை.